ஸ்நேக் பிளான்ட்ல புள்ளி: மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

இந்த எபிசோட் முழுக்க ஒரே செடியைப் பத்தித்தான். ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து நமக்கு வர்ற போட்டோக்கள்ல ஸ்நேக் பிளான்ட்தான் அதிகம். இலையில பழுப்புப் புள்ளி, மஞ்சள் வளையம், வெள்ளைத் திட்டு, அடியில கொழகொழப்பு. கூடவே ஒரே கேள்வி: "இதுக்கு என்ன மருந்து அடிக்கறதுங்க?"

மருந்துப் பேரை மட்டும் சொல்லி முடிக்காம ஒரு முழு எபிசோட் பண்றதுக்குக் காரணம், பீளமேட்டுல இருந்து ஒரு அக்கா அனுப்பின வாய்ஸ் நோட். பெட்ரூம்ல காத்து சுத்தமா இருக்கட்டும்னு ரெண்டு ஸ்நேக் பிளான்ட் வெச்சிருக்காங்க. இலையில புள்ளி தெரிஞ்சிருக்கு. ஊர்ல தோட்டத்துக்கு வாங்கினதுல மிச்சமிருந்த மருந்தை மாமனார் கொடுத்து விட்டிருக்கார். அதைக் கலக்கி, ரூம்லயே வெச்சு அடிச்சு, காயற வரைக்கும் ஜன்னலைச் சாத்தி வெச்சிருக்காங்க. அதே ரூம்லதான் அவங்க கைக்குழந்தை தூங்குது. "ரெண்டு வாரம் ஆச்சு, புள்ளி அப்படியேதான் இருக்குதுங்க, இன்னொரு தடவை அடிக்கட்டுங்களா?"ன்னு கேட்டாங்க.

அவங்களுக்கு அன்னிக்கே பதில் சொல்லியாச்சு. இன்னொரு தடவை வேண்டாங்க. செடியை வெளிய கொண்டு போங்க, ஜன்னலைத் திறந்து விடுங்க, தரையையும் பக்கத்துச் சுவரையும் சோப்புத் தண்ணியில துடைங்க, அதுவரைக்கும் குழந்தை வேற ரூம்ல தூங்கட்டும். குழந்தைகிட்ட ஏதாவது மாற்றம் தெரிஞ்சா அந்த மருந்துப் பாக்கெட்டையும் கையில எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க.

அப்புறம் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். அது நோயே இல்ல. செடி மேற்குப் பார்த்த பால்கனியில இருந்தப்ப வெயில் சுட்ட தழும்பு. எந்த மருந்துக்கும் அது போகாது.

இன்னிக்கு நான் சொல்ல வர்ற விஷயம் இதுதான். புள்ளிங்கறது ஒரு அறிகுறி, அதுவே நோய் இல்ல. பார்க்க ஒரே மாதிரி இருக்கற புள்ளிக்குப் பின்னாடி அஞ்சாறு காரணம் இருக்கலாம். அதுல ஒண்ணு ரெண்டுக்குத்தான் மருந்து தேவை. அந்த ஒண்ணு ரெண்டுலயும், இருக்கற புள்ளியை மருந்து அழிக்காது. புதுப் புள்ளி வராமத்தான் தடுக்கும்.

முதல்ல செடியைப் பத்தி

ஸ்நேக் பிளான்ட்டோட சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. ரொம்ப வருஷமா இதுக்கு அறிவியல் பேர் சான்சிவேரியா டிரைஃபேசியாட்டா. மரபணு ஆய்வுகள் இது டிரசீனா குடும்பத்துக்குள்ளதான் வருதுன்னு காட்டினதால, 2017ல டிரசீனா டிரைஃபேசியாட்டான்னு மாத்திட்டாங்க. நர்சரியில இன்னும் பழைய பேர்தான் ஓடுது, ரெண்டும் ஒண்ணுதான்.

இதுக்கு நம்ம மண்ணுலயே ஒரு சொந்தக்காரச் செடி இருக்கு: மருள். வறண்ட காட்டுப் பக்கம் தானா வளர்றது. அதோட இலையில இருந்து நார் எடுத்துக் கயிறு திரிச்சிருக்காங்க, வில்லுக்கு நாணா கட்டியிருக்காங்க. வறண்ட இடத்துக்குன்னே அமைஞ்ச குடும்பம் இது.

அந்த அமைப்புல ரெண்டு விஷயம் நமக்கு முக்கியம். ஒண்ணு, இது பகல்ல இலைத் துளைகளை மூடி வெச்சுட்டு ராத்திரியில திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கும். பகல் வெயில்ல தண்ணி ஆவியாகிப் போகாம இருக்கறதுக்கான ஏற்பாடு. அதனால இது குடிக்கற தண்ணி ரொம்பக் கம்மி. ரெண்டாவது, ஒரு இலை பல வருஷம் இருக்கும், புது இலை வருஷத்துக்குச் சிலதுதான் வரும். செம்பருத்தியில ஒரு இலை கெட்டா அது உதிர்ந்து அடுத்தது வந்துரும். இங்க அப்படி இல்ல. இந்த வருஷம் விழுந்த தழும்பை நீங்க அடுத்த மூணு வருஷமும் பார்த்துட்டு இருப்பீங்க. "புள்ளி இன்னும் போகல"ங்கறதை வெச்சு நோய் இன்னும் இருக்குன்னு முடிவு பண்ண முடியாததுக்கு இதுதான் காரணம்.

கேள்வி 1: துடைச்சா போகுதா?

ஈரத்துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைங்க. கேக்கறதுக்குச் சாதாரணமா இருக்கும், ஆனா இதுலயே பல கேஸ் முடிஞ்சுரும்.

கோயம்புத்தூர்ல ஒரே வீட்டுல ரெண்டு குழாய் இருக்கும். ஒண்ணுல நல்லதண்ணி, சிறுவாணியோ பில்லூரோ. இன்னொண்ணுல போர் தண்ணி, அதாவது உப்புத்தண்ணி. செடிக்குப் பெரும்பாலும் போர் தண்ணிதான். அதை இலை மேல தெளிச்சா, தண்ணி காஞ்சதும் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியா தங்கிடும். பாத்ரூம் குழாய்ல படியற அதே கறைதான். வெறும் தண்ணியில போகலைன்னா, ஒரு கப் தண்ணியில ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து துடைச்சு, அப்புறம் நல்லதண்ணியில ஒரு தடவை துடைச்சு விடுங்க.

பஞ்சு மாதிரி வெள்ளையா, இலை இடுக்குல ஒட்டிக்கிட்டு, நசுக்கினா பிசுபிசுன்னு வந்தா அது மாவுப்பூச்சி. பஞ்சுல ஸ்பிரிட்டோ சானிடைசரோ நனைச்சு ஒண்ணொண்ணாத் துடைச்சு எடுங்க, வாரம் ஒரு தடவைன்னு மூணு நாலு வாரம். ஒரே நாள்ல முடியாது, ஏன்னா முட்டை கண்ணுக்குத் தெரியாது. வேப்பெண்ணெய் இந்த மாதிரிப் பூச்சிக்குத்தான் உதவும்: லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, கூட ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு, சாயந்திரமா அடிக்கணும். வெயில்ல அடிச்சா எண்ணெயே இலையைச் சுட்டுரும்.

கேள்வி 2: புள்ளி எங்க இருக்கு?

எல்லாப் புள்ளியும் ஜன்னல் பக்கம் திரும்பின இலைகள்லயே, மேல் பாதியிலயே இருந்தா அது வெயில். வெளிறி, காகிதம் மாதிரி காஞ்சு இருக்கும், அப்புறம் பழுப்பாகும். ரொம்ப நாள் ஆபீஸ் டேபிள்ல ட்யூப்லைட் வெளிச்சத்துல இருந்த செடியை, "பாவம் வெயிலே பார்க்கல"ன்னு ஏப்ரல் மாசம் மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனா இது நிச்சயம். வெயிலுக்குப் பழக்கணும்னா ரெண்டு மூணு வாரம் எடுத்துக்கிட்டு, முதல்ல காலை வெயில் மட்டும் காட்டுங்க.

நடுக்குருத்துல, புது இலைகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுருண்டு வர்ற இடத்துல செம்பழுப்பா குழிஞ்ச புள்ளி, அதைச் சுத்தி மஞ்சள் வளையம் இருந்தா ஃபியூசேரியம்ங்கற பூஞ்சாணத்தை நினைக்கணும். அந்தக் குருத்து ஒரு டம்ளர் மாதிரி. மேல இருந்து தண்ணி ஊத்தினா உள்ள தேங்கும். இளசான இலை, ஈரம், வெளிச்சம் இல்லாத இடம். பூஞ்சாணத்துக்கு வேற என்ன வேணும்?

அடியில, மண்ணு மட்டத்துல பிரச்சினைன்னா கதை வேற. அது மூணாவது கேள்விக்கு வருது.

குளிரும் புள்ளி உண்டாக்கும். 10 டிகிரிக்குக் கீழ போனா இந்தச் செடியோட செல் உடைஞ்சு, நிறம் போய்க் குழிஞ்ச திட்டு வரும். கோயம்புத்தூர்ல சாதாரணமா அந்த அளவுக்குக் குளிராது. நம்ம ஏசி 18ல ஓடினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மார்கழியில ஊட்டிக்கு மாறிப்போனவங்க செடியை வெளிய வெச்சா இந்தத் திட்டு வரலாம்.

கேள்வி 3: தொட்டா எப்படி இருக்கு?

காஞ்சு, சொரசொரன்னு, தக்கை மாதிரி இருந்தா நல்ல செய்தி. செடியே காயத்தை மூடிக்கிச்சுன்னு அர்த்தம். சேர் உரசினது, பூனை பிறாண்டினது, வேர் அளவுக்கு மீறித் தண்ணி இழுத்து இலைச் செல் வெடிச்சது, எல்லாமே கடைசியில இப்படித்தான் தக்கையாகும். ஒண்ணும் பண்ண வேண்டாம்.

கொழகொழன்னு, தண்ணி கோத்த மாதிரி, அமுக்கினா உள்ள போய், கெட்ட நாத்தம் அடிச்சா அது பாக்டீரியா அழுகல். இதுக்கு மருந்து கிடையாது, கத்திதான். பாதிச்ச இலையை அடியோட எடுத்துட்டு, செடியைத் தொட்டியில இருந்து பிடுங்கி, கிழங்கைப் பாருங்க. கிழங்கு கெட்டியா வெளிறிய நிறத்துல இருந்தா பிழைக்கும். அதுவும் கொழகொழன்னா நல்லா இருக்கற துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கங்க, மிச்சத்தை விட்டுருங்க.

மண்ணு மட்டத்துல வெள்ளை நூல் படர்ந்து, அதுல கடுகு மாதிரி சின்னச் சின்னப் பழுப்பு உருண்டை இருந்தா அது ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி. தோட்டம் இருக்கற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதுசில்ல. நிலக்கடலையில தண்டழுகல் கொண்டு வர்ற அதே பூஞ்சாணம். அந்தக் கடுகு உருண்டைதான் அதோட விதை மாதிரி, மண்ணுல வருஷக்கணக்குல உயிரோட கிடக்கும். இந்த ஒரு கேஸ்ல மட்டும் செடியோட மண்ணையும் சேர்த்து மூட்டை கட்டி வெளிய போடுங்க. அந்த மண்ணை அடுத்த தொட்டிக்குக் கொண்டு போகாதீங்க.

கேள்வி 4: புள்ளி நகருதா?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட். என் வேலையில ஒரு சர்வர் மக்கர் பண்ணினா உடனே ரீஸ்டார்ட் பண்றவங்க இருப்பாங்க, முதல்ல லாக் பார்க்கறவங்க இருப்பாங்க. செடிக்கு லாக் கிடையாது, நாமதான் எழுதணும்.

ஒரு மார்க்கர் பேனா எடுத்து, புள்ளியோட விளிம்பைச் சுத்தி வட்டம் போடுங்க. பக்கத்துல தேதி எழுதுங்க. ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ஏழு நாள் கழிச்சுப் பாருங்க, அப்புறம் பதினாலாம் நாள் பாருங்க. புள்ளி வட்டத்துக்குள்ளயே இருந்து, புதுசா வேற புள்ளியும் வரலைன்னா அது பழைய தழும்பு. வட்டத்தைத் தாண்டி வந்தாலோ, பக்கத்து இலையில புதுசா முளைச்சாலோ, உயிருள்ள ஏதோ ஒண்ணு உள்ள வேலை செய்யுது. மருந்தைப் பத்தி யோசிக்க வேண்டியது அப்பதான். கொழகொழப்பு இருந்தா மட்டும் ஏழு நாள் காத்திருக்காதீங்க, அன்னிக்கே வெட்டுங்க.

நிஜமான நோய்: ஆந்த்ராக்னோஸ்

வட்டத்தைத் தாண்டி வர்ற புள்ளிகள்ல முக்கியமானது ஆந்த்ராக்னோஸ். முதல்ல தண்ணி கோத்த மாதிரி சின்ன வட்டம். அது பெருசாகிப் பக்கத்துப் புள்ளியோட சேரும். பழுப்பான இடத்துல கிட்டப் பார்த்தா மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்புப் புள்ளிகள், பல நேரம் வளையம் வளையமா. போன் கேமராவுல ஜூம் பண்ணினாலே தெரியும். இந்தச் செடியைத் தாக்குறதுக்குன்னே ஒரு பூஞ்சாணம் இருக்கு, கோலெட்டோட்ரைக்கம் சான்சிவேரியே. 2006ல ஜப்பான்ல இதுக்குப் பேர் வெச்சாங்க.

பேர் புதுசா இருந்தாலும், கோலெட்டோட்ரைக்கம்ங்கற பரம்பரை நம்ம கொங்கு நாட்டுக்கு ரொம்பப் பழசு. கரும்புல செவ்வழுகல் கொண்டு வர்றது இதுல ஒண்ணு. 1912ல கோயம்புத்தூர்ல ஆரம்பிச்ச கரும்பு இனப்பெருக்க நிலையம் இன்னிக்கு வரைக்கும் அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கு. மிளகாய்ப் பழம் செடியிலயே அழுகறது இன்னொண்ணு. ஈரோட்டு மஞ்சள்ல வர்ற இலைப்புள்ளியும் இதே பரம்பரைதான். அந்த நோய் 1917லயே கோயம்புத்தூர் மாவட்டத்துல இருந்து பதிவாகியிருக்கு.

சொந்தக்காரங்களைச் சொன்னதுக்குக் காரணம், எல்லாரும் பரவற விதம் ஒண்ணு. இதோட வித்துகள் ஒரு பசைக்குள்ள ஒட்டியிருக்கும். வெறும் காத்துல அவ்வளவாப் பறக்காது. தண்ணி தெறிக்கணும். மழைத்துளி, ஹோஸ் பைப், ஸ்ப்ரே பாட்டில், இது மூணும்தான் அதுக்கு பஸ். தெறிச்சு இன்னொரு இலையில விழுந்தாலும் உடனே உள்ள போயிடாது; இலை பல மணி நேரம் ஈரமாவே இருந்தாத்தான் முளைச்சு உள்ள இறங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில புள்ளி அதிகமாகறதுக்கு இதுதான் காரணம். காலையில இலையை "ஃப்ரெஷ்ஷா" வெச்சுக்கத் தண்ணி தெளிக்கற பழக்கமும் அதே வேலையைத்தான் பண்ணுது. இலையில தூசியா இருக்கா? துணியில துடைங்க, தெளிக்காதீங்க.

நம்ம வீட்டுல ஏன் வருது?

இலை ஈரத்துக்கு அடுத்தது தொட்டி ஈரம். நர்சரியில இருந்து வர்ற ஸ்நேக் பிளான்ட்டைத் தொட்டியில இருந்து எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் முழுக்க கோகோபீட்தான், அதாவது தென்னை நார்க் கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகள்ல நார் எடுத்த பிறகு மிஞ்சற தூள். எடை கம்மி, விலை கம்மி, லாரியில ஏத்த வசதி. ஆனா தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். நர்சரியில வெயில், காத்து இருக்கு, அங்க அது காஞ்சுரும். அதே தொட்டி ஜன்னல் சாத்தின பெட்ரூம்ல, பிளாஸ்டிக் கப்புக்குள்ள, அதுக்கு மேல ஒரு அழகுப் பானைக்குள்ள வந்தா? மேல தொட்டா காஞ்சிருக்கும், அடியில சேறா இருக்கும். வேர் மூச்சு விட முடியாம அழுக ஆரம்பிக்கும், செடி பலவீனமாகும், அப்புறம் எந்தப் பூஞ்சாணத்துக்கும் அது சுலபமான வீடு.

அதனால வாங்கின ஒரு மாசத்துக்குள்ள மண்ணு மாத்திருங்க. நான் சொல்ற கலவை: ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு சலிச்ச எம்-சாண்ட் இல்லைன்னா செங்கல் ஜல்லி, ஒரு பங்கு கோகோபீட்டும் மக்கின உரமும் சேர்த்து. எம்-சாண்ட்ல இருக்கற மாவுத் தூளைக் கட்டாயம் சலிச்சு எடுத்துருங்க, இல்லைன்னா சிமெண்ட் மாதிரி இறுகிடும். அடியில ஓட்டை இருக்கற மண் தொட்டி இருந்தா நல்லது, சுவர் வழியாவே ஈரம் வெளிய போகும்.

தண்ணி எப்ப ஊத்தறதுன்னு காலண்டரைக் கேக்காதீங்க. ஒரு ஊதுபத்திக் குச்சியைத் தொட்டியோட அடி வரைக்கும் குத்தி எடுங்க. மண்ணு ஒட்டாம வந்தா தண்ணி ஊத்தலாம். கோயம்புத்தூர் வீடுகளுக்கு ஒரு தோராயம் வேணும்னா, பங்குனி சித்திரையில பத்துப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, மழைக்காலத்துல வீட்டுக்குள்ள மாசம் ஒரு தடவை. ஊத்தறது மண்ணுல, குருத்துல இல்ல. தட்டுல தேங்கின தண்ணியைக் கொட்டிருங்க.

நோய்தான்னு உறுதியானா

முதல் வேலை, அந்தச் செடியை மத்த செடிகள்கிட்ட இருந்து பிரிங்க. ரெண்டாவது, வெட்டுங்க. கத்தியை சானிடைசர்ல துடைச்சு, புள்ளிக்கு ரெண்டு விரல் தள்ளி, நல்ல பச்சைப் பகுதியில வெட்டணும். அடுத்த இலைக்குப் போறதுக்கு முன்னாடி மறுபடி துடைங்க. இலை முழுக்கப் புள்ளின்னா அடியோட எடுங்க. வெட்டினதைத் தொட்டியிலயே உரமாப் போடாதீங்க, கவர்ல கட்டிக் குப்பையில போடுங்க. பூனை, நாய் இருக்கற வீட்டுல வெட்டின துண்டு கீழ கிடக்க வேண்டாம். இந்த இலையில சப்போனின்னு ஒரு பொருள் இருக்கு, அதுங்க மென்னா வாந்தி வரும்.

மூணாவது, காய விடுங்க. வெட்டின இடத்துல ஒரு வாரத்துக்குத் தண்ணி படக் கூடாது. பலருக்கு இதோடயே நோய் நின்னுரும்.

வெட்டியும் புதுப் புள்ளி வந்துட்டே இருந்தா மட்டும் மருந்து. காப்பர் ஆக்சிகுளோரைடு 50 சதத் தூள், உரக்கடையில சின்னப் பாக்கெட்டாவே கிடைக்கும். லிட்டர் தண்ணிக்கு 2.5 கிராம். லேபிள்ல வேற அளவு போட்டிருந்தா லேபிள்தான் சரி. பத்துப் பதினாலு நாள் இடைவெளியில ரெண்டு தடவை, அதிகபட்சம் மூணு. முதல்ல ஒரு இலையில அடிச்சு ரெண்டு நாள் பாருங்க. இது இலை மேல ஒரு போர்வை மாதிரி உக்காந்து வித்து முளைக்காமத் தடுக்கும். உள்ள போன பூஞ்சாணத்தை வெளிய இழுக்காது. வெட்டாம மருந்து மட்டும் அடிக்கறதுல பலன் கம்மிங்கறது இதனாலதான்.

எங்க அடிக்கறதுங்கறது எவ்வளவு அடிக்கறதுங்கற அளவுக்கு முக்கியம். மொட்டை மாடியில, காத்து அடிக்காத நேரத்துல, மாஸ்க், கிளவுஸ் போட்டுக்கிட்டு. சமையல் பாத்திரத்துல கலக்காதீங்க. முழுசாக் காஞ்சப்புறம், ரெண்டு நாள் கழிச்சு உள்ள கொண்டு வாங்க. ஊர்ல இருந்து லேபிள் இல்லாத பாட்டில்ல வர்ற மிச்ச மருந்து எதையும் தொட வேண்டாம். ஏக்கர் கணக்குக்கு வாங்கினது அது, அதுல என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, உங்க டாக்டருக்கும் தெரியாது.

வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்க, ரசாயனம் வேண்டாம்னு நினைக்கறவங்களுக்கு சூடோமோனாஸ் இருக்கு. நோய்ப் பூஞ்சாணங்களோட போட்டி போடற ஒரு நல்ல பாக்டீரியா. லாலி ரோட்டுல இருக்கற நம்ம வேளாண் பல்கலைக்கழகம் நெல், வாழை, மஞ்சள்னு பல பயிருக்கு இதைப் பரிந்துரைச்சிட்டு வருது. லிட்டருக்கு 5 கிராம், மண்ணுல ஊத்தலாம், சாயந்திரம் இலையிலயும் அடிக்கலாம். இது வராமத் தடுக்கறதுக்கு நல்லது. முத்தின நோயை நிறுத்தும்னு எதிர்பார்க்காதீங்க. காப்பரையும் இதையும் ஒண்ணாக் கலக்கவும் கூடாது. காப்பர் பாக்டீரியாவைக் கொன்னுரும். நடுவுல ரெண்டு வாரமாவது விடுங்க.

அப்புறம் மஞ்சள் தூள். வெட்டின இடத்துல மஞ்சள் வெக்கலாமான்னு எல்லாரும் கேக்கறீங்க. எங்க அமுச்சியும் வெப்பாங்க. வெக்கறதுல கெடுதல் இல்ல, தூள் ஈரத்தை உறிஞ்சி காயத்தைக் காய வைக்கும். ஆனா அதை மட்டும் நம்பி உக்காராதீங்க. மஞ்சள் செடிக்கே இதே பரம்பரைப் பூஞ்சாணம் புள்ளி வெச்சுட்டுத்தான் போகுது.

கிழங்கா, இலைத்துண்டா?

செடியைக் காப்பாத்த முடியலைன்னா, நல்ல பாகத்துல இருந்து புதுசு ஆரம்பிக்கலாம். இங்க ஒரு விஷயம் கவனிங்க. ஓரத்துல மஞ்சள் கோடு இருக்கற வகையை இலைத்துண்டா வெட்டி நட்டா, வர்ற குட்டி வெறும் பச்சையா வரும். அந்த மஞ்சள் ஓரம் இலையோட சில அடுக்குச் செல்கள்ல மட்டும் இருக்கற குணம். துண்டுல இருந்து முளைக்கறப்ப அது தொலைஞ்சுரும். மஞ்சள் ஓரம் வேணும்னா கிழங்கைப் பிரிச்சுத்தான் நடணும். எந்த முறையானாலும் வெட்டினதை மூணு நாலு நாள் நிழல்ல காய வெச்சு அப்புறம் நடுங்க.

அந்தக் காத்து விஷயம்

கடைசியா, பீளமேட்டு அக்கா பெட்ரூம்ல செடி வெச்சதுக்கான காரணத்துக்கு வர்றேன். இந்தச் செடி காத்தைச் சுத்தம் பண்ணும்ங்கற பேச்சு 1989ல நாசா வெளியிட்ட ஒரு ஆய்வுல இருந்து பரவினது. அது மூடின சின்னப் பெட்டிக்குள்ள செஞ்ச சோதனை. 2019ல அந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தப்ப, சாதாரணக் கட்டிடத்துல காத்தோட்டம் தானா பண்ற வேலையைச் செடிகள் பண்ணணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10ல இருந்து 1000 செடி வரைக்கும் வேணும்னு வந்துச்சு. அவ்வளவு செடி வெச்சா கட்டில் போட இடம் இருக்காது. ஜன்னலைத் திறக்கறதுதான் காத்துக்கு வழி. செடியை அழகுக்கு வைங்க, ஆசைக்கு வைங்க. ஆனா காத்து சுத்தத்துக்குன்னு வெச்சு, அதே காத்துல மருந்து அடிக்கற நிலைமைக்கு மட்டும் போயிடாதீங்க.

உங்க செடியில இப்ப புள்ளி இருந்தா, இன்னிக்கு ஒரு மார்க்கர் வட்டம் போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ஏழாம் நாள் இன்னொரு போட்டோ எடுத்து ரெண்டையும் சேர்த்து அனுப்புங்க. தண்ணி எப்படி ஊத்தறீங்க, நல்லதண்ணியா போர் தண்ணியா, செடி எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னும் எழுதுங்க. அதை வெச்சு அடுத்த எபிசோட்ல ஒவ்வொண்ணாப் பார்க்கலாம். வரட்டுங்களா.